மூன்று ஊதல்

ஃபூ. ஃபூ. ஃபூ.

மைக்கில் மூன்று முறை ஊதிவிட்டு, தொண்டையை ஒரு தரம் செருமிக்கொண்டு, செனைதா காத்திருந்தாள். கீழே பனிமூட்டத்துக்குள் முந்நூறு வீடுகள் இருந்தன. முதல் ஊதலுக்கு அத்தனை வீட்டிலும் சோளம் அரைக்கும் கல் நிற்கும். இரண்டாவது ஊதலுக்குக் குழந்தைகளின் வாய் பொத்தப்படும். நாய்கள் மூன்றாவதற்குத்தான் மசியும். இரண்டே ஊதலில் எந்தச் செய்தியும் இந்த ஊரில் போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

"ஊர் ஜனங்களே, எல்லாருக்கும் காலை வணக்கம். மணி ஆறு. ஆறுன்னு ஆபீஸ் கடிகாரம் சொல்லுது. அது நேத்து மத்தியானமும் ஆறுன்னுதான் சொல்லிச்சு, அதனால அவங்கவங்க சேவலைக் கேட்டுக்குங்க. ஒடிலோன் அண்ணன் வீட்டுல பன்னி அறுத்திருக்காங்க. இன்னிக்குக் காலையில அறுத்ததுன்னு சொல்லச் சொன்னாரு, சொல்லிட்டேன். பன்னி கத்தினது எனக்கு நேத்து சாயங்காலமே கேட்டுச்சு, அதையும் சொல்லிட்டேன். அடுத்தது, மார்சியானோவோட கழுதை பள்ளிக்கூடத்துல மூணாம் வகுப்புல நிக்குது. வாத்தியார் இன்னும் வரலை, கழுதை வந்தாச்சு. வந்து கூட்டிட்டுப் போங்க. சனிக்கிழமை ஊர்வேலை. பாதையில சரிஞ்ச மண்ணை அள்ளணும். போன தடவை முதுகுவலின்னு வராதவங்க அன்னிக்கு சாயங்காலமே கூடைப்பந்து ஆடினதைப் பார்த்தேன். பேரு சொல்ல மாட்டேன். நாலு பேரு. மூணு பேரு சிவப்புச் சட்டை. நன்றி."

மைக்கை அணைத்தாள். நாலு சரிவிலிருந்தும் சிரிப்பு மேலேறி வந்தது. சிவப்புச் சட்டைக்காரர்களின் மூன்று வீடுகளிலிருந்து மட்டும் பாத்திரம் உருளும் சத்தம் வந்தது.

சான் தியோதோரோ என்பது இந்த ஊர் அரசாங்கத்துக்காக வைத்திருக்கும் பெயர். மெக்சிகோவின் வஹாகா நகரத்திலிருந்து வரும் பஸ்ஸின் நெற்றியில் அப்படித்தான் எழுதியிருக்கும். அந்த பஸ்ஸும் ஊருக்கு வருவதில்லை; கடைசித் திருப்பத்துக்கு முந்தைய திருப்பத்தில் நின்று, இதற்கு மேல் உங்கள் பாடு என்று திரும்பிவிடும். ஊர்க்காரர்கள் தங்கள் அயூக் மொழியில் 'மேலே' என்று மட்டும் சொல்வார்கள். மேலே என்றால் மேகத்துக்குள். இந்த மலையில் வருடத்தில் எட்டு மாதம் மேகம் வானத்தில் இருப்பதில்லை, ஊரில் இருக்கிறது. ஊர்வேலைக்கு மட்டும் வராது. பக்கத்து வீடு இன்னும் இருக்கிறதா என்பதை அந்த வீட்டு வான்கோழி கத்தினால்தான் உறுதி செய்துகொள்ள முடியும். மொபைல் போன் எல்லாரிடமும் உண்டு. சிக்னல் கல்லறைத் தோட்டத்தின் மேல் மூலையில் மட்டும் வரும். அங்கே ஏற்கெனவே படுத்திருப்பவர்களுக்கு மரியாதை வேண்டுமென்பதால் யாரும் அங்கே குரலை உயர்த்துவதில்லை. குரலை உயர்த்தாவிட்டால் எதிர்முனைக்குக் கேட்பதில்லை. ஆகவே ஊர் என்று ஒன்று இருப்பதற்கு ஒரே சாட்சி, ஊர் அலுவலக மாடியில் நாலு திசைக்கும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் நாலு ஒலிபெருக்கிக் குழாய்கள். குழாய்களின் இந்த முனையில் செனைதா.

நாற்பத்தாறு வயது. உயரம் மைக்கைவிடச் சற்று அதிகம். விடிவதற்குள் கீழ்ச்சரிவிலிருந்து முக்கால் மணி நேரம் ஏறி வந்துவிடுவாள். வந்ததும் பேச மாட்டாள். சடையில் சிவப்பு நாடாவை அவிழ்த்துப் புதிதாகப் பின்னுவாள், கழுத்தில் ஏழு வடம் சிவப்பு மணியைச் சரிசெய்வாள், சால்வையைத் தலையில் சுற்றுவாள், சின்னக் கண்ணாடியில் பார்ப்பாள், திருப்தியில்லாமல் மறுபடி சுற்றுவாள். அலுவலக எழுத்தர் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்:

"ஏன் தாயி, குழாயில உன் முகமா தெரியப்போகுது?"

"முகம் தெரியாது. தலை வாராமப் பேசினா பேச்சுல தெரியும்."

எழுத்தர் அன்றிலிருந்து கடிதம் எழுதும்போது சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறார்.

மைக்குக்கு அவள் கம்பளி நூலில் ஒரு குல்லாய் பின்னியிருக்கிறாள். சாதாரண நாளுக்குச் சாம்பல் நிறம், திருவிழாவுக்கு மஞ்சள், துக்க அறிவிப்புக்குக் கறுப்பு. யாரைப் பற்றிச் சொன்னாலும் அவர் வீடு இருக்கும் திசையைக் கையால் காட்டித்தான் சொல்வாள். ஜன்னலுக்கு வெளியே பால் போல மூட்டம் தவிர எதுவும் இருக்காது. சில சமயம் நடுவில் நிறுத்தி, "முகத்தைச் சுளிக்காதீங்க பெரியம்மா, நெசத்தைத்தானே சொல்றேன்" என்பாள். சுளித்த பெரியம்மா கீழே அடுப்படியில் திடுக்கிட்டு முகத்தை நேராக்கிக்கொள்வாள்.

அவளிடம் ஒரே ஒரு குறை. சொல்லச் சொன்னதைச் சொல்வாள். கூடவே நடந்ததையும் சொல்லிவிடுவாள். இது அவளுக்குப் பிறவியிலேயே உள்ளது. மருந்து கிடையாது.

உலகத்தின் மற்ற பகுதிகளில் மனிதர்கள் பதவிக்காக அடித்துக்கொள்கிறார்கள் என்று கேள்வி. இங்கே பதவிதான் மனிதர்களைத் துரத்துகிறது. எந்தப் பதவிக்கும் சம்பளம் இல்லை. பதவி ஒரு வருடம். அந்த வருடம் முழுக்க உங்கள் சோளக்கொல்லையில் களை வளரும், உங்கள் அடுப்பில் ஊர் சாப்பிடும். அக்டோபரில் ஒரு ஞாயிறு சபை கூடி, அடுத்த ஜனவரியிலிருந்து யார் எந்தச் சுமையைத் தூக்குவது என்று கை தூக்கி முடிவு செய்யும். சபைக்கு முந்தைய வாரம் ஊருக்குள் வரும் புதியவர், ஏதோ சண்டை நடந்து முடிந்திருக்கிறது என்று நினைப்பார். அத்தனை கட்டு, அத்தனை ஊன்றுகோல். மார்சியானோ போன வருடம் வலது காலில் மாவுக்கட்டுடன் சபைக்கு வந்து, சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு இடது காலை நொண்டினான். அதற்காகவே அவனுக்குத் தண்ணீர்க் குழாய்ப் பராமரிப்பு கொடுத்தார்கள்.

இதில் ஒரு சட்டம் உண்டு, எங்கும் எழுதப்படாதது: பதவியைக் கேட்கிறவனுக்குப் பதவி கிடையாது. வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்வது, விருந்தில் அடுத்தவர் வாயிலிருக்கும் கவளத்தைப் பிடுங்குவதற்குச் சமம். பெயர் சொல்லப்பட்டால் எழுந்து நின்று, தன் குறைகளை எண்ணிச் சொல்லி, "நான் லாயக்கில்லை" என்று தலைகுனிய வேண்டும். ஊர், "அதெல்லாம் இல்லை, நீயே செய்" என்று தலையில் கட்டும். அதுதான் மரியாதை.

இந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்த மேதை பன்றிக்கறி ஒடிலோன். பதினாலு வருடங்களுக்கு முன் அவன் பெயரைச் சொன்னதும் துள்ளி எழுந்து, "குடுங்க! எனக்கே குடுங்க! என்னைவிட்டா இந்த ஊர்ல தகுதியானவன் யாரு?" என்று கத்தினான். சபை அவனுக்காக வெட்கப்பட்டு வேறு பெயருக்குப் போய்விட்டது. மறு வருடமும் கத்தினான். ஐம்பத்தொரு வயதாகிறது, பதினெட்டு வயதில் சபையின் ஏவலாளாக ஓடியதைத் தவிர ஒரு நாள்கூட ஊருக்கு உழைத்ததில்லை. அவன் கன்னத்தில் உள்ள சதையெல்லாம் அந்தப் பதினாலு வருடத்தில் சேர்ந்தது. நடிக்கிறான் என்று ஊருக்கே சந்தேகம்தான். ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒருவனுக்குப் பதவி கொடுக்க முடியாது.

செனைதாவின் விஷயம் நேர் எதிர். இரண்டு வருடங்களுக்கு முன் சபையில் எழுந்து, "தரை ஈரமா இருக்கு, யாராவது ஒரு சாக்கு விரிங்க" என்றாள். அது கடைசி வரிசையைத் தாண்டி, கூடைப்பந்து மைதானத்தைத் தாண்டி, எதிர்ச்சரிவில் ஒரு கிழவர் சாக்கு எடுத்துக்கொண்டு புறப்படும் அளவுக்குக் கேட்டது. அன்றே மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். முதல் வருடம் முடிந்தபோது தன் மேல் இரண்டு குறை சொன்னாள். ஊர் இன்னொரு வருடம் கட்டியது. இப்போது அந்த வருடமும் முடிகிறது. இந்த அக்டோபரில் ஐந்து குறை சொல்லத் தயாராக இருந்தாள், ஏனென்றால் செனைதாவுக்கு மைக் வேண்டும். யாரிடமும் சொல்லக்கூடாத அளவுக்கு வேண்டும்.

காரணம் வீட்டில் இருந்தது. அவள் கணவன் எலாதியோ ஊர் பேண்டில் ட்யூபா என்ற பெரிய பித்தளை வாத்தியத்தை ஊதுபவன். நல்ல மனிதன், குடிக்கிற நாளிலும் நல்ல மனிதன், ஆனால் ஒத்திகையை நிறுத்தாதவன். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவள் அந்த வீட்டில் ஆரம்பித்த எந்த வாக்கியமும் அதன் கடைசிச் சொல்லை எட்டியதில்லை.

"கேளுய்யா. ஞாயித்துக்கிழமை சபையில நான் என்ன சொல்லப்போறேன்னா, முதல்ல—"

பூம்.

"நிறுத்து ஒரு நிமிஷம்!"

"நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஊதுறது வாய். கேக்குறது காது. ரெண்டும் வேற வேற எடத்துல இருக்கு." பூம், பூம்.

"எலாதியோ." அவள் அடுப்பிலிருந்து எழுந்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தணிந்த குரலில் சொன்னாள், அவளுக்கு அந்தக் குரல் பழக்கமில்லாததால் பாதி காற்றாகவே வந்தது: "எனக்கு அந்த மைக் வேணும்யா. ஆசையா இருக்கு."

ட்யூபா அரைத் தாளம் நின்றது. எலாதியோ வாசலைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான்.

"அடியே, மெதுவா. நீ சொன்னா பக்கத்து ஊருக்குக் கேக்கும். ஆசைப்பட்டேன்னு தெரிஞ்சா மைக் போச்சு."

"தெரியும். அதான் அஞ்சு குறை யோசிச்சு வச்சிருக்கேன்."

"அஞ்சு போதுமா? நான் வேணா—" என்றான் எலாதியோ. இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக அவன் வாக்கியம் ஒன்றை அவள் முடிக்க விடவில்லை.

சபைக்கு இரண்டு நாள் முன்பு ஒடிலோன் மாடியேறி வந்தான். கையில் எண்ணெய்ப் பிசுக்கு, முகத்தில் வியாபாரம்.

"செனைதா, நாளைக்குக் காலையில சொல்லிடும்மா. பன்னி ஒண்ணு அறுக்கிறேன். இளசு."

"எத்தனை வயசு அண்ணே?"

"இளசுன்னா இளசு."

"அந்தக் கறுப்புக் காது வச்சதா? எங்க மூத்தவ கல்யாணத்துக்கு முன்னாடியே அது உங்க பட்டியில நின்னுச்சு. இப்ப என் பேத்திக்கு ரெண்டு பல்லு முளைச்சாச்சு. மனசுக்கு இளசுன்னு சொல்லட்டுமா?"

"உன்னை எவன் கொண்டாந்து இங்க உக்கார வச்சான்?"

"நீங்களும்தான் கை தூக்கினீங்க. ரெண்டு கையும்."

ஒடிலோன் உட்கார்ந்தான். மைக் அணைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். சின்ன சிவப்பு விளக்கு எரியவில்லை. ஒயரையும் ஒரு முறை இழுத்துப் பார்த்தான். பிறகு பெருமையோடு குரலைத் தாழ்த்தினான்.

"ஞாயித்துக்கிழமை நான் மறுபடி கத்துவேன், பாரு. குடு குடுன்னு கத்தினா எவனும் குடுக்க மாட்டான். பதவியாம் பதவி! எனக்கு எதுக்கு அந்தக் கருமம்? ஊர்ல அறிவுள்ளவன் நான் ஒருத்தன்தான்."

"இதை என்கிட்ட ஏன் அண்ணே சொல்றீங்க?"

"யார்கிட்டயாவது சொல்லணும்ல. பதினாலு வருஷமா அடக்கி வச்சிருக்கேன். நீ எங்கயும் சொல்லிடாத."

செனைதா கொஞ்சம் யோசித்தாள். "யாரும் கேக்காத வரைக்கும் சொல்ல மாட்டேன். கேட்டாச் சொல்லிடுவேன்."

"யாரு கேக்கப்போறா?" என்று சிரித்துக்கொண்டே இறங்கினான் ஒடிலோன். படியில் அவன் சிரிப்பு வெகுநேரம் இறங்கிக்கொண்டிருந்தது.

சபை கூடைப்பந்து மைதானத்தின் தகரக் கூரைக்கு அடியில் கூடியது. நடுவில் பெரிய மண்பானையில் சுடச்சுடப் பிசைந்த சோளமாவு, மேலே சிவப்பு மிளகாய்ச் சாறு. சுற்றி நின்று ஒரே பானையில் எல்லாரும் கைவிட்டுச் சாப்பிட்டார்கள். மூட்டம் உள்ளேயும் வந்து உட்கார்ந்திருந்தது. எதிரே உட்கார்ந்தவரை அவருடைய இருமலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. தலைமை பெரியவர் சிரிலோ. எழுபத்தோரு வயது, ஊரின் எல்லாப் பதவிகளையும் சுமந்து முடித்தவர். இனி அவருக்குக் கொடுக்கப் பதவி எதுவும் மிச்சமில்லாததால், அந்தக் கூரைக்குக் கீழே பயமில்லாமல் உட்கார்ந்திருந்த ஒரே ஜீவன்.

"மைக்கு. இருக்கிற பொண்ணே இருக்கட்டும்னு நாலு பேரு சொல்றாங்க. செனைதா, எந்திரி."

செனைதா எழுந்தாள். எங்கோ பேண்டு வரிசையில் எலாதியோ ட்யூபாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"நான் லாயக்கில்லைங்க. ஒண்ணு, சொல்லச் சொன்னதோட நிறுத்திக்கத் தெரியாது. ரெண்டு, போன மார்ச்சுல ஊர்வேலை ஞாயித்துக்கிழமைங்கிறதுக்குப் பதிலா சனிக்கிழமைன்னு சொல்லிட்டேன். நூத்தம்பது பேரு மண்வெட்டியோட வந்து நின்னீங்க. ஞாயித்துக்கிழமை மலையே கரையிற மழை, சனிக்கிழமை செஞ்சதால வேலை முடிஞ்சுது. ஆனாலும் தப்பு தப்புதான்."

சபை தலையாட்டிச் சிரித்தது. நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

"மூணு, சாமியார் பூசைக்கு வந்தப்ப, 'சாமியார் வந்தாச்சு, பிரசங்கம் நீளம், சாப்பிட்டுட்டு வாங்க'ன்னு சொன்னேன். அவரு மாடிப்படியில நின்னுக்கிட்டிருந்தாரு. நாலு, மார்சியானோ அண்ணன் வாய்க்கால்ல விழுந்தப்ப வழுக்கி விழுந்தாருன்னு சொன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். எத்தனை குடுவை குடிச்சுட்டு வழுக்கினாருன்னும் சொல்லிட்டேன்."

"ஏழு இல்லை, அஞ்சு!" என்றது மூட்டத்துக்குள்ளிருந்து மார்சியானோவின் குரல்.

"ஏழு," என்றது அவன் மனைவியின் குரல்.

"அஞ்சு..." என்று ஆரம்பித்தாள் செனைதா. ஐந்தாவது குறை, தன் குரல் கரகரப்பு என்பது. வீட்டில் நூறு தடவை மனப்பாடம் செய்தது. ஆனால் அவள் குரலில் கரகரப்பு கிடையாது. தேனில் வெந்த பூசணி மாதிரிக் குரல். அது அவளுக்கே தெரியும். பொய்யைச் சொல்ல வாயைத் திறந்தாள். அந்த வாய்க்கு வழி தெரியவில்லை. அது பழகிய வழியிலேயே போனது.

"அஞ்சு, எனக்கு இந்த மைக் ரொம்பப் பிடிச்சிருக்கு. இதை விட்டுக் குடுக்க மனசில்லை. எனக்கே வேணும்னு ஆசை."

பானையைச் சுற்றியிருந்த கைகள் அப்படியே நின்றன. யாரோ ஒரு கிழவி கண்ணை மூடிக்கொண்டாள். பேண்டு வரிசையிலிருந்து ட்யூபா தானாகவே ஒரு சின்ன சத்தம் போட்டது.

பெரியவர் சிரிலோ வெகுநேரம் மோவாயைத் தடவினார்.

"ஆசைன்னு சொல்லிட்ட. மைக் இனி உனக்கில்லை. சட்டம்."

"தெரியுங்க." செனைதாவின் குரல் முதல் முறையாக மைதானத்தைத் தாண்டவில்லை.

"ஆனா ஒரு சந்தேகம். பொய் சொல்லியிருந்தா மைக் உன்கிட்டயே இருந்திருக்கும். அது தெரிஞ்சும் உனக்குப் பொய் வரலை. அப்படித்தானே?"

"வரலைங்க. வராது. முயற்சி பண்ணினேன்."

சிரிலோ சபையைப் பார்த்தார். "இந்த ஊர்ல எல்லை வழக்கு, கோழி வழக்கு, புருஷன் பொண்டாட்டி வழக்கு எல்லாம் தீர்க்க ஒரு நியாயஸ்தர் வேணும். வருஷா வருஷம் தேடுறோம். ஏம்மா, நியாயஸ்தர் பதவி வேணுமா உனக்கு?"

"ஐயோ, வேண்டாங்க!"

"வேண்டாமா? நெசமாவா?"

"சத்தியமா வேண்டாம்! காலுல விழறேன், வேண்டாம்!"

இவ்வளவு உண்மையான 'வேண்டாம்' அந்தத் தகரக் கூரைக்குக் கீழே கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. சபையின் எல்லாக் கைகளும், மிளகாய்ச் சாறு சொட்டச் சொட்ட, மேலே போயின. அவள் இன்னும் கெஞ்சினாள். இரண்டு கையிலும் மாவு பிசைந்துகொண்டிருந்தவர்கள்கூட இரண்டாவது கையையும் தூக்கினார்கள்.

"அடுத்து, காலியான மைக்கு," என்றார் சிரிலோ. "ஒடிலோன்னு ஒரு பேரு வந்திருக்கு."

ஒடிலோன் காத்திருந்தவன்போல் எழுந்தான். "குடுங்க! எனக்கே குடுங்க! என் குரலுக்கு இணை உண்டா? நான் பேசினா பன்னிகூடக் கேக்கும்!"

சபை வழக்கப்படி வெட்கப்படத் தயாரானது. சிரிலோ மட்டும் கையை உயர்த்தினார்.

"இருங்க. இப்பதான் நமக்கு நியாயஸ்தர் இருக்காங்களே. செனைதா, இவன் நெசமாவே ஆசைப்பட்டுக் கேக்குறானா, இல்லையா? உனக்கு ஏதாவது தெரியுமா?"

ஒடிலோனின் கன்னம் ஒரு சுற்று இளைத்தது.

செனைதா நின்றாள். 'ஆமாம், ஆசைப்படுகிறான்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். மைக் வேறு யாராவது நல்லவர் கைக்குப் போகும். இல்லையென்றால் அந்த எண்ணெய் விரல்கள் அவள் பின்னிய சாம்பல் நிறக் குல்லாயைத் தடவும். மஞ்சள் குல்லாயையும். மூன்றுக்குப் பதில் இரண்டு ஊதல் ஊதும். நாய்கள் எதையும் கேட்காது. இதையெல்லாம் அவள் ஒரே மூச்சில் பார்த்தாள். மூச்சை விட்டாள்.

"இல்லைங்க. அண்ணனுக்குத் துளி ஆசை கிடையாது. கத்தினா குடுக்க மாட்டாங்கன்னுதான் பதினாலு வருஷமா கத்துறாரு. என்கிட்ட அவரே சொன்னாரு. பதவியைக் கருமம்னும் சொன்னாரு. மன்னிச்சுக்குங்க அண்ணே. கேட்டுட்டாங்க."

அன்று சான் தியோதோரோவில் எழுந்த சிரிப்புக்கு, மூட்டமே மைதானத்தை விட்டு இரண்டடி நகர்ந்ததாக இன்றும் சொல்கிறார்கள். கைகள் எண்ணப்படவில்லை. எண்ணத் தேவையிருக்கவில்லை.

அதற்கப்புறம் இரண்டு மாதம் செனைதாவின் வீட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. அவள் பேசவில்லை. காலையில் ஏறிப்போய் மைக்கில் பேசுவதோடு சரி. எலாதியோ ட்யூபாவை எடுத்து ஊதிப் பார்த்தான். அவள் குரலோடு மல்லுக்கட்டாத ட்யூபா தாளம் தப்பியது.

"ஏண்டி, ஏதாவது பேசேன்," என்றான்.

"நீ ஊது."

"நீ பேசினாத்தான் எனக்கு எங்க ஊதணும்னு தெரியுது."

அவள் சிரித்துவிட்டாள். ஆனாலும் பேசவில்லை.

டிசம்பர் கடைசியில் ஒடிலோன் வேலை கற்றுக்கொள்ள வந்தான், தூக்குமேடைக்கு வருபவன்போல. செனைதா அவன் கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவ வைத்தாள். குல்லாய் மாற்றும் முறை சொன்னாள்.

"எத்தனை தடவை ஊதணும்?"

"மூணு."

"ரெண்டு ஊதினா?"

"ஊதிப் பாருங்க."

"நான் பன்னி அறுத்தா நானே சொல்லிக்கலாம், இல்ல?" ஒடிலோனின் கண்ணில் இரண்டு மாதத்தில் முதல் வெளிச்சம் வந்தது.

"சொல்லிக்கலாம். பொய் சொன்னீங்கன்னு யாராவது வழக்குக் கொண்டுவந்தா, கீழ்த்தளத்துல நான் இருப்பேன்."

ஜனவரி முதல் நாள். புதுப் பதவிக்காரர்கள் விடியற்காலையில் மலையுச்சிக்கு ஏறி, சேவலும் முட்டையும் சோள உருண்டையும் மலைக்குக் கொடுத்துவிட்டு, முழங்கால் வலியோடு இறங்கி வந்தார்கள். அலுவலக முற்றத்தில் பேண்டு நின்றது. பித்தளை வாத்தியங்களில் மூட்டம் வியர்த்திருந்தது. மாடியில் குழாய் உயிர்பெற்றது.

ஃபூ. ஃபூ.

நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. குழாய்க்குள் ஒரு குழப்பமான மூச்சு. பிறகு, ஃபூ. நாய்கள் உட்கார்ந்தன.

"ஊர் ஜனங்களே... கோல் வாங்குற சடங்கு ஆரம்பிக்குது. எல்லாரும் வாங்க. அப்புறம் வந்து... ஒடிலோன் வீட்டுல, அதாவது என் வீட்டுல, பன்னிக்கறி இருக்கு. இளசு." முற்றத்தில் நின்ற செனைதா அண்ணாந்து மாடியைப் பார்த்தாள், அவ்வளவுதான். "இளசு... இல்லை," என்றது குழாய். "முந்தாநாள் அறுத்தது. நல்லா வேக வச்சாச் சாப்பிடலாம்."

நாலு சரிவிலிருந்தும் கூச்சலும் கைதட்டலும் எழுந்தன. அன்று மத்தியானத்துக்குள் அந்தக் கறி முழுவதும் விற்றுப்போனது வேறு விஷயம்.

சிரிலோ நியாயஸ்தரின் கோலை இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். கறுப்பு மரம், வெள்ளிப் பூண், தலையில் ஐந்து நிற நாடாக்கள். வாங்குபவர் கோலின் தலையை உதட்டுக்குக் கொண்டுபோய் முத்தமிட்டு, "உண்மையாக நடப்பேன்" என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அந்தச் சமயத்தில் பேண்டு உச்சத்துக்குப் போகும் என்பதால் இதுவரை எந்த நியாயஸ்தர் சொன்னதும் யாருக்கும் கேட்டதில்லை. செனைதா சால்வையைச் சரிசெய்தாள். நாடாவைப் பார்த்தாள். கோலை வாங்கி, அதன் உருண்டைத் தலையை உதட்டருகே கொண்டுபோனாள். எக்காளங்கள் ஏறின, பெருமேளம் ஏறியது, எலாதியோ கன்னம் புடைக்க ட்யூபாவில் முழு மூச்சையும் இறக்கினான்.

ஃபூ, என்று கோலில் ஊதினாள் செனைதா. ஃபூ. ஃபூ.

முற்றத்தில் கிழவிகள் பேச்சை நிறுத்தினார்கள். குழந்தைகளின் வாய் பொத்தப்பட்டது. நாய்கள் உட்கார்ந்தன. எக்காளங்கள் ஒவ்வொன்றாக இறங்கின, பெருமேளக்காரன் மேளக்குச்சியைத் தோளில் சாய்த்துக்கொண்டான். ட்யூபா மட்டும் தனியாக ஒரு 'பூம்' சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தது.

அவள் காத்திருந்தாள்.

எலாதியோ ட்யூபாவை வாயிலிருந்து எடுத்தான். கழற்றித் தரையில் வைத்தான்.